செவத்துக்கிட்டச் சொல்லு

(பதினான்காம் வாரம்)

இருபத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.

முத்துராஜ் தன் அக்கா சின்னப்பிள்ளைக்குத் தர வேண்டிய கடன் அது. கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. கெட்டுப்போன முந்திரிப் பருப்பின் விலை. கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது, இருபத்தைந்து கிலோ. போன ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்து, அத்தனையையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். குழி வெட்டியதும் முத்துராஜ்தான்.

அரிமளத்தில் அக்காவும் மச்சானும் வாடகைக்கு எடுத்திருப்பது பழைய காலத்துப் பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பின்கட்டில் பதினோரு படி இறங்கினால் ஒரு நிலவறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஜில்லென்றுதான் இருக்கும். ஆலங்குடிப் பக்கமிருந்து முந்திரி வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கிற அக்காவுக்கு அந்த அறைதான் கஜானா.

அந்தக் கஜானாவுக்கு, "தண்ணி புகாத பெயின்ட்டுக்கா, பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று சொல்லி, கண்ணாடி மாதிரி பளபளவென்று அடித்துக் கொடுத்தவன் முத்துராஜ். பத்து மாசம்கூடத் தாங்கவில்லை. மழை பிடித்ததும் சுவரெல்லாம் அம்மை போட்டது போலக் கொப்புளம் கிளம்பியது. விரலால் குத்தினால் உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. தோல் தோலாக உரிந்தது.

அன்றைக்கு அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும். கடைக்காரன் ஏமாத்திட்டான் என்றான். இந்த வருசம் மழை சாஸ்தி என்றான். மூட்டையைச் சுவரை ஒட்டி வைத்தது யாரு என்று கடைசியில் அக்காவையே கேட்டுவிட்டான்.

அதோடு சின்னப்பிள்ளை தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பதினோரு மாசம்.

வருகிற தை மாசம் அவள் மகள் ரம்யாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். அதில் தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் மச்சான் பழனிச்சாமி வந்து தூது சொன்னார்.

"மாப்ளே, காசாக் குடுக்க முடியலேன்னா வேலையாக் குடு. மழைக்கு முன்னாடி நிலவறைச் செவரு நல்லா வந்துட்டா கடன் கிடையாதுன்னு ஒங்க அக்கா சொல்லிட்டா. திரும்பவும் சொதப்புனா, பெரியப்பா மகனைக் கூப்புட்டு மாமன் சீரைச் செய்யச் சொல்லிருவாளாம்."

அதற்குப் பிறகு முத்துராஜ் நாலு நாள் உட்கார்ந்து பழைய பெயின்ட்டைச் சுரண்டினான். பட்டைக் கரண்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் தோல் தடித்துப் போனது. சுரண்டியது போதாதென்று கழுவி, கதவையும் கூரையோரம் இருந்த காற்றுப் புழையையும் திறந்துபோட்டு இரண்டு வாரம் காயவிட்டான்.

இன்று புதன்கிழமை. சுண்ணாம்பு அடிக்கிற நாள்.

---

காலையில் கிளம்பும்போது அவன் மனைவி புவனேஸ்வரி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசல் வரை வந்தாள். கையில் தூக்குவாளி.

"ஏங்க, அண்ணி என்ன சொன்னாலும் வாயைக் குடுக்காதீங்க. செவத்தைப் பாத்து வேலையைச் செய்யுங்க."

"அக்கா எங்க என்கிட்டச் சொல்லுது? அதுவும் செவத்துக்கிட்டத்தான் சொல்லுது."

"அப்பச் செவரு பதில் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

புவனா சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலவறையில் இறங்கியதும் கைக்கும் முகத்துக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டான். சுண்ணாம்பு பட்டால் தோல் வெந்துவிடும். கொல்லைத் தொட்டியில் மூன்று வாரமாக நீற்றிப்போட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி ஊறிக் கிடந்தது. அதில் பாதியை அள்ளி டிரம்மில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, பழைய வேட்டியில் வடிகட்டினான். மோர் பதம். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கெட்டி கூடாது. சுவரில் முதலில் வெறும் தண்ணீரைத் தெளித்து நனைத்தான். பிறகு வெள்ளையடிக்கிற நார் மட்டையை முக்கி மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, இடமிருந்து வலம் ஒரு இழுப்பு.

படிக்கட்டின் மேல்படியில் முறத்தை வைத்து முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தாள் சின்னப்பிள்ளை. எட்டிப் பார்த்தாள். இரண்டு சுவர் முடிந்திருந்தது. ஆனால் வெள்ளை எங்கே? செங்கல் நிறமும் பழைய காரை நிறமும் அப்படியே தெரிந்தது. ஈரம் மட்டும் மினுமினுத்தது.

"ஏ செவரே" என்று ஆரம்பித்தாள். "வெறுந்தண்ணியைத்தான் அடிக்கிறதுன்னா கொல்லையில கொழா இருக்கு. நானே ஒரு வாளி ஊத்திக் கழுவி விட்டுருப்பேனே. இதுக்கு எதுக்கு ஒரு ஆளு, ஒரு டிரம்மு, தலையில ஒரு துண்டு?"

வாயைக் குடுக்காதீங்க என்று புவனா சொன்னது காதில் இருந்தது. இருந்தும் கேட்கவில்லை.

"செவரே" என்றான் முத்துராஜ், மட்டையை நிறுத்தாமல். "ஈரத்துல இது கண்ணுக்குத் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும்னு சொல்லு."

"பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்னு போன தடவையும் ஒருத்தன் சொன்னான். ஒனக்கு நெனப்பு இருக்கா செவரே? ஒனக்குத்தான ஒடம்பெல்லாம் கொப்புளம் வந்துச்சு."

முந்திரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த பழனிச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, பாவம் அந்தச் செவரு. ரெண்டு பக்கமும் எத்தனை பேச்சைத்தான் வாங்கும்?"

"நான் செவத்துக்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல ஆளுங்க வர வேணாம்" என்று முறத்தைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் நாலு முந்திரி உருண்டு படி இறங்கியது.

அவள் உள்ளே போனதும் மச்சான் கீழே வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் கவலை.

"ஏ மாப்ளே, நெசமாவே தண்ணியாத்தான இருக்கு? கொஞ்சம் கெட்டியா அடிச்சா என்ன?"

"கெட்டியா அடிச்சா பொரிஞ்சு கொட்டிரும் மச்சான். மெலுசா மூணு கோட்டு. நாளைக்கு ரெண்டாவது, நாளான்னிக்கு மூணாவது."

"போன தடவை அடிச்சது ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சேப்பா."

"அதான் மச்சான் வினையாப் போச்சு." முத்துராஜ் மட்டையை டிரம்மின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். இடுப்பு கடுத்தது. "சித்திரை வெயில்ல மழைக் கோட்டைப் போட்டுக்கிட்டு மம்பட்டி புடிச்சா எப்படி இருக்கும்? வெளியத் தண்ணி உள்ள வராதுதான். ஆனா உள்ள வேர்க்கிற வேர்வை எங்கிட்டுப் போகும்? இந்தச் செவரு மூணு பக்கமும் மண்ணுக்குள்ள நிக்குது. எந்நேரமும் வேர்க்கும். சுண்ணாம்புன்னா மெல்லிசுத் துணி மாதிரி. வேர்வை வெளிய போயிரும், செவரு மூச்சு விடும். நான் போன தடவை அது மூக்கைப் பொத்திட்டேன்."

மச்சான் தலையை ஆட்டினார். அவருக்கு மூச்சு, வேர்வை எல்லாம் புரிந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கண் மட்டும் அந்தத் தண்ணிச் சுவரிலேயே இருந்தது. பெண்டாட்டி மறுபடி வந்து பார்த்தால் என்ன ஆகும் என்கிற பயம் அவருக்கு.

---

மதியம் கொல்லையில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். புளிச் சாதம், சுட்ட அப்பளம். சாப்பிட்டதும் கண் சொக்கியது. துண்டை விரித்துக் கால் மணி நேரம்தான் சாய்ந்திருப்பான். எழுந்து போய் மட்டையை எடுத்து மூன்றாவது சுவரில் இழுத்தான்.

பளிச்சென்று வெள்ளை.

முத்துராஜுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. இன்னொரு இழுப்பு. அதுவும் வெள்ளை. காலையில் மட்டை சுவரில் சொரசொரவென்று இழுபட்டது. இப்போது வெண்ணெய்க் கத்தி மாதிரி வழுக்குகிறது. பாதிச் சுவர் வரை அடித்துப் பார்த்துவிட்டு, டிரம்மில் விரலை விட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தான். நூல் நூலாக இழுத்தது. மோந்து பார்த்தான். தச்சுப் பட்டறை வாசனை.

பசை. பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையை யாரோ டிரம்மில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள்.

அதே நேரம் மேலே இருந்து அக்கா குரல் வந்தது. குரலில் இத்தனை குளிர்ச்சியை அவன் கேட்டுப் பதினோரு மாசமாச்சு.

"அடடே, செவரே! இப்பத்தான் ஒனக்கு மொகமே வந்துருக்கு. இதைக் காலையிலயே அடிச்சுத் தொலைச்சா என்ன? சரி, சரி. சாயங்காலம் ரம்யா வந்ததும் அச்சாபீசுக்குப் போன் போடச் சொல்றேன். மாமன் பேரை விட்டுட்டா பத்திரிகை அடிக்க முடியும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

முத்துராஜ் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியே மிச்சத்தையும் அடித்துவிட்டால் இன்றைக்கே எல்லாம் முடிந்தது. கடன் போச்சு. பத்திரிகையில் பேர் வந்துவிடும். சுவர் சிரிக்கும், அக்காவும் சிரிக்கும். ஐப்பசி வரைக்கும் சிரிக்கும். இந்தப் பசை கொஞ்சம்தானே, மூச்சை முழுசாகவா அடைத்துவிடும் என்று மனசு ஒரு பக்கம் கேட்டது. போன வருசம் அந்தப் பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதும் இதே மனசுதான் இதே மாதிரி ஏதோ சொன்னது.

யார் கலக்கியிருப்பார்கள் என்று யோசிக்கவும் வேலையில்லை. "மாப்ளே, டீ" என்று மச்சான் டம்ளரை நீட்டினார். வாங்கினான். மச்சானின் விரல் டம்ளரை விட்டு வரவில்லை. கொஞ்சம் இழுத்த பிறகுதான் பிரிந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

முத்துராஜ் அந்த விரலைப் பார்த்தான். மச்சான் கூரையைப் பார்த்தார்.

டீயைக் குடித்தான். டம்ளரைப் படியில் வைத்தான். டிரம்மின் காதைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே இழுக்க ஆரம்பித்தான்.

"என்ன மாப்ளே? எங்கிட்டுக் கொண்டு போற?"

"கொட்டப் போறேன் மச்சான்."

டிரம் கொல்லையில் போய்ச் சாய்ந்து வெள்ளையாக ஓடியபோது சின்னப்பிள்ளை கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"டேய் முத்து! கிறுக்குப் புடிச்சிருச்சாடா ஒனக்கு? நல்லா வந்ததைக் கொண்டாந்து மண்ணுல ஊத்துற! ஒன்னைய எல்லாம் மனுசன்னு நம்பி..."

"பேசிட்டா!" என்று கத்தினார் பழனிச்சாமி. "மாப்ளே, பேசிட்டா! நேராப் பேசிட்டா!"

சின்னப்பிள்ளை கரண்டியோடு அப்படியே நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பேசுவதற்குக் கொல்லையில் ஒரு சுவரும் கிட்டத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் தம்பி முகத்தையே பார்த்தாள்.

"எதுக்குடா கொட்டுன? சொல்லு."

"பசை கலந்துருச்சுக்கா. பாக்கப் பளிச்சுன்னுதான் இருக்கும். மழை வந்தா பழையபடி கொப்புளம் கெளம்பும். அடிச்ச பாதிச் செவத்தையும் ஈரத்தோட இப்பவே கழுவணும்."

"பசை எப்புடிடா கலந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தப்பு என்னுதுதான்க்கா. டிரம்மை மூடாமப் போயிட்டேன். கண்ணசந்துட்டேன்."

"நீ கண்ணசந்தா பசை தானா நடந்து வந்து டிரம்முல குதிக்குமா?"

"என் வேலை, என் டிரம்மு. நான்தான பாக்கணும். என் தப்புத்தான்."

சின்னப்பிள்ளையின் கண் மெல்ல நகர்ந்து புருஷன் பக்கம் போனது. பழனிச்சாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஏங்க, கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா."

நீட்டினார். உள்ளங்கையில் பாம்புச் சட்டை மாதிரி ஒரு தோல் உரிந்து தொங்கியது.

"ஏத்தா, நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று கடகடவென்று கொட்டினார் மச்சான். "நீ வெறுந்தண்ணி வெறுந்தண்ணின்னு வைஞ்சியா? மாப்ளைக்குக் கடன் தீராமப் போயிருமேன்னு மனசு கேக்கல. கட்டில் கால் ஒட்டுறதுக்கு வாங்குன பசை ஒரு கிலோ டப்பா கெடந்துச்சு. ஒட்டுற சாமான்தான, சுண்ணாம்பும் நல்லா ஒட்டிக்கட்டும்னு ஊத்திட்டேன். கையால கலக்குனேனா, அது என் கையில ஒட்டிக்கிருச்சு."

சின்னப்பிள்ளைக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். முடியவில்லை. முத்துராஜும் சிரித்தான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"சிரிச்சது போதும். வாளியை எடுங்க" என்றாள் புருஷனிடம். "பாதிச் செவத்தையும் நீங்கதான் கழுவணும். ஒரு சொட்டுப் பசை இருந்துச்சு, ராத்திரிச் சோறு கெடையாது."

---

வாளியும் துடைப்பமுமாக மூன்று பேரும் நிலவறைக்குள் இறங்கினார்கள். கடைசிப் படியில் சின்னப்பிள்ளை நின்றுவிட்டாள்.

காலையில் அடித்த இரண்டு சுவரும் காய்ந்திருந்தன.

காய்ச்சி ஆற வைத்த பாலின் வெள்ளை. பளபளப்பு இல்லை. கண்ணைக் குத்தவும் இல்லை. காற்றுப் புழை வழியாக வந்த நாலு மணி வெளிச்சம் அதில் பட்டு, அறை முழுக்கப் பரவியிருந்தது. எப்போதும் பல்பு போட்டுத்தான் இங்கே மூட்டையைத் தேட வேண்டும். இப்போது மூலையில் கிடந்த சாக்கு ஊசிகூடத் தெரிந்தது. ஒரு கோட்டுக்கே இப்படி.

கிட்டத்தில் போய் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள்.

"ஈரமே இல்லடா."

"அது உள்ள வச்சுக்கிறாதுக்கா. வெளிய விட்டுரும்."

கன்னத்தில் லேசாக வெள்ளை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் தம்பி பக்கம் திரும்பினாள். சிரித்த முகம் மாறியிருந்தது.

"முத்து, நான் ஏன் ஒன்கிட்டப் பேசலன்னு நெனச்ச? காசுக்கா?"

அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"முந்திரி போனா போகுது. அடுத்த வருசம் காய்க்கும். அன்னைக்கு நீ கடைக்காரன் மேல பழி போட்ட, மழை மேல போட்ட, என் மேலயும் போட்ட. 'தப்பு என்னுதுக்கா'ன்னு ஒரு வார்த்தை ஒன் வாயில வரல. பதினோரு மாசமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான்டா நான் செவத்துக்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு என்னடான்னா, இந்த மனுசன் செஞ்ச தப்பைத் தூக்கி ஒன் தலையில வச்சுக்கிட்டு நிக்கிற."

"அன்னைக்கும் என் தப்புத்தான்க்கா" என்றான். "அந்தப் பெயின்ட்டு எதுக்கு அடிக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

"இரு, வாரேன்" என்று மேலே போனாள்.

திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு சின்னத் துணிப்பை. நீலப்பூப் போட்ட ஜாக்கெட் துணியில் தைத்தது. தையலைப் பார்த்ததுமே முத்துராஜுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவன் வீட்டு மிஷின் ஓட்டிய தையல்.

"பிரிச்சுப் பாரு."

ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மேலே ஒரு இருநூறு, ஒரு ஐம்பது.

"இருபத்து மூவாயிரத்து எழுநூத்தம்பது. ஆடி மாசம் ஒரு நாள் மத்தியானம் ஒம் பொண்டாட்டி வந்து வச்சுட்டுப் போனா. 'அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி, அவரு வந்து செவத்தைச் சரி பண்ணட்டும், அப்பறம் சொல்லுங்க'ன்னா. நான் தொடல. பீரோவுலயே கெடந்துச்சு. கடனு அன்னைக்கே தீந்துருச்சு. நீதான் வரல."

"அப்ப இது..."

"நீ வேலையாக் குடுத்துட்டேல்ல? ஒரு கடனை ரெண்டு தடவை வாங்குனா எனக்குத் தூக்கம் வராது. கொண்டுபோயி அவகிட்டக் குடு. எனக்கும் ஒனக்கும் பாக்கி இல்ல. பத்திரிகையில மொத பேரே ஒம் பேருதான்."

பையைக் கையில் வைத்துக்கொண்டு முத்துராஜ் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மச்சான் ஒரு மூலையில் துடைப்பத்தோடு மும்முரமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கெட் தைத்து வாரத்துக்கு ஐந்நூறு ரூபாய் பார்க்கிறவள் புவனா. அதிலேயும் வீட்டுச் செலவு. அவள் கழுத்துச் சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது, காலையிலும் பார்த்தான். தோடும் இருக்கிறது. பின்னே இது எங்கிருந்து வந்தது?

படியேறிப் போய், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று போன் போட்டான்.

"ஏங்க, வேலை எம்புட்டாச்சு?"

"புவனா, என் கையில நீலப்பூப் போட்ட பை ஒண்ணு இருக்கு."

அந்தப் பக்கம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"அண்ணி பேசிட்டாங்களா?"

"பேசிருச்சு. மொதல்ல வைஞ்சுச்சு, அப்பறம் பேசுச்சு. அது கெடக்கட்டும். ஏது புள்ள இம்புட்டுக் காசு?"

"எத்தனை கோட்டு அடிச்சிருக்கீங்க?"

"ஒண்ணு. அதுவும் ரெண்டு செவத்துக்குத்தான். நான் கேக்குறது என்ன, நீ..."

"இன்னும் ரெண்டு கோட்டு இருக்குல்ல? மூணாவது கோட்டு காஞ்சதும் சொல்றேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

போனையே பார்த்துக்கொண்டு நின்றவனைக் கீழேயிருந்து அக்கா குரல் கூப்பிட்டது. எந்தச் சுவரையும் கூப்பிடவில்லை. அவனைத்தான்.

"டேய் முத்து! கடன்தான்டா தீந்துச்சு. செவரு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. தொட்டியில இருக்கிற சுண்ணாம்பை அள்ளிக்கிட்டு இறங்கி வா!"